ஊட்டியில் உருவான ஃபிலிம் ரோல்

திருப்பூர்ல இருந்து மேட்டுப்பாளையம் வழியா மலை ஏறினா ஊட்டி. அங்கே 1960-ல் தொடங்கின அரசு நிறுவனம் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். ஃபிலிமுக்குத் தூசியும் ஆகாது, சூடும் ஆகாது, அதனாலதான் மலை. 1967-ல் உற்பத்தி ஆரம்பிச்சது. ரோலோட பெயர் 'இந்து'.

120 ரோலை நிழல்ல நின்னு மாட்டணும். தாள் முனையைக் காலி ஸ்பூல்ல செருகி, கேமராவை மூடி, பின்பக்கச் சிவப்பு ஜன்னல்ல '1' தெரியுறவரை சுத்தணும். மீட்டர் இல்லையா? 100 வேக ஃபிலிம், நல்ல வெயில்னா எஃப் 16, ஷட்டர் 1/125 நொடி. வானம் மூடினா எஃப் 8. சதுரப் படம்னா மொத்தமே 12; கணக்கு தப்பினா ஒண்ணு போச்சு.

கலர் வந்தது, டிஜிட்டல் வந்தது. நட்டத்தில் விழுந்த ஆலை மூடப்பட்டது. தாத்தா கேமராவை இன்னிக்குத் தூசி தட்டினா, வெயில் கணக்கு அப்படியே பொருந்தும். ரோல் மட்டும் வெளிநாட்டுல இருந்து வரணும்.