யோசிக்கும் ருசி

1911-ஆம் வருஷம் இந்தியக் கணித சங்கத்தின் பத்திரிகையில் 289-ஆம் எண்ணுள்ள கேள்வி ஒன்று அச்சாயிற்று. அனுப்பியவர் எஸ். ராமானுஜன். வயது 23, உத்தியோகம் கிடையாது. கேள்வி பார்வைக்குச் சாதுவானது. ஒரு வர்க்கமூலம், அதற்குள்ளே 1-உம், அத்துடன் கூட்டிய 2 மடங்கு இன்னொரு வர்க்கமூலமும் இருக்கின்றன. அந்த இரண்டாவதற்குள்ளே 1-உம், 3 மடங்கு மற்றொரு வர்க்கமூலமும். அதற்குள்ளே 1-உம், 4 மடங்கு வேறொன்றும். வெங்காயம் உரிப்பதுபோல் இது முடிவில்லாமல் போகிறது. இதன் மதிப்பு என்ன?

ஆறு மாதம் வரையில் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் ராமானுஜனே சொன்னார்: விடை 3.

எப்படி என்று பார்ப்போமே. 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9-ஐ 1-உம் 8-உமாகப் பிரிக்கலாம். 8 என்பது 2 மடங்கு 4. அந்த 4, 16-இன் வர்க்கமூலம்; 16 என்பது 1-உம் 15-உம்; 15 என்பது 3 மடங்கு 5. அந்த 5, 25-இன் வர்க்கமூலம். 25 என்பது 1-உம் 24-உம். 24 என்பது 4 மடங்கு 6. இப்படியே உள்ளே உள்ளே போகலாம்.

இந்த இடத்தில் நேயர்களில் சிலர் அடுத்த பாராவுக்குத் தாவியிருப்பீர்கள். சிலர் பென்சிலைத் தேடியிருப்பீர்கள். இரு சாராரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாத்தியாரிடம் குட்டுப்பட்டவர்களாகவும் இருக்கக்கூடும். பின் ஏன் இந்த வித்தியாசம்?

மூளை பலம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அது சரியல்ல. ஜான் காசியாப்போ, ரிச்சர்ட் பெட்டி என்ற இரண்டு அமெரிக்க மனோதத்துவ ஆசிரியர்கள் 1982-இல் இதைச் சோதித்தார்கள். யோசிப்பதில் எவ்வளவு பிரியம் என்று தெரிந்துகொள்வதற்காகக் கேள்விகள் கேட்டு ஆட்களைப் பிரித்தார்கள். பிறகு வரிசை வரிசையாக எண்கள் அச்சிட்ட தாளைக் கொடுத்து, சிலவற்றைச் சுழிக்கச் சொன்னார்கள். ஒரு கூட்டத்தாருக்கு எளிய விதி. மற்றொரு கூட்டத்தாருக்குச் சிக்கலான விதி. வேலை யாருக்குமே இன்பமானதல்ல. ஆனால் யோசனைப் பிரியர்களுக்குச் சிக்கலான விதியைவிட எளிய விதியே அதிக அலுப்பைத் தந்தது, மற்றவர்களுக்கு நேர்மாறு. புத்திக் கூர்மைக்கும் இந்தப் பிரியத்துக்கும் உறவு உண்டு என்றாலும், அது தூரத்து உறவுதான். கூர்மையான புத்தியை வைத்துக்கொண்டு, அதைப் பீரோவில் பூட்டியே வைத்திருப்பவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

சரி, இது பிறவிக் குணமா? ராமானுஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் காலேஜில் உதவிச் சம்பளத்துடன் சேர்ந்தவர், ஆங்கிலத்தில் தேறாமல் அதை இழந்தார். பிறகு சென்னையில் பச்சையப்பன் காலேஜில் சேர்ந்து எப்.ஏ. பரீட்சை எழுதினார், அதிலும் தேறவில்லை. உடற்கூறு சாஸ்திரம் அவருக்கு வேப்பங்காய். விடிய விடிய எண்களோடு மல்லாடிய அதே மூளை, குடலையும் இரைப்பையையும் கண்டதும் மூன்று வயதுக் குழந்தைபோல் அடம் பிடித்தது. ஆகவே 'யோசிக்கப் பிடிக்கும்' என்று மொட்டையாகச் சொல்வது போதாது. எதைப் பற்றி யோசிக்க என்று கேட்க வேண்டும்.

எண்கள் மட்டும் அவருக்கு ஏன் இனித்தன? பிறவி வரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 1903-இல் அவர் கைக்கு வந்த ஒரு புத்தகத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கார் என்ற ஆங்கிலேய டியூஷன் வாத்தியார் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காகத் தொகுத்தது. சுமார் 5,000 சூத்திரங்கள். நிரூபணம் பெரும்பாலும் ஒரு வரிக் குறிப்போடு சரி. நல்ல புத்தகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பையனுக்கு அதுவே வாய்ப்பாகிவிட்டது. வழி சொல்லாமல் ஊரை மட்டும் சொன்னதால் வழியை அவனே வெட்டிக்கொண்டான். வெட்டிய ஒவ்வொரு தடவையும் ஊர் போய்ச் சேர்ந்தான். பாடுபட்டதற்குப் பலன் கிடைத்துக்கொண்டே இருந்தால் பாடே இனிக்க ஆரம்பித்துவிடும் என்று ராபர்ட் ஐசன்பெர்கர் என்ற மனோதத்துவ ஆசிரியர் 1992-இல் எழுதினார். நம் பள்ளிகளில் இரண்டு விதமாகவும் கெடுக்கிறோம்: சிலருக்கு வழி முழுவதையும் சொல்லிவிடுகிறோம், சிலரை ஊர் சேரவே விடுவதில்லை.

மேதையைப் பற்றி இவ்வளவு போதும். எனக்கு அவரைவிட அவரைச் சுற்றியிருந்தவர்கள் பேரில்தான் ஆச்சரியம் அதிகம். அந்தக் கணித சங்கத்தை 1907-இல் ஆரம்பித்த வி. ராமஸ்வாமி ஐயர் ஒரு டெபுடி கலெக்டர். ஜமாபந்தியும் கிஸ்தியுமாகப் பொழுது போக்க வேண்டியவர், சீமையிலிருந்து கணிதப் பத்திரிகைகளையும் புத்தகங்களையும் வரவழைத்துப் பங்கிட்டுப் படிக்க ஆட்களைச் சேர்த்தார். அவர் திருக்கோயிலூரில் இருந்தபோது 1910-இல் ராமானுஜன் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் போய்க் குமாஸ்தா வேலை கேட்டார். ஐயர் நோட்டைப் பார்த்தார், வேலை தரவில்லை. தாலுகாக் கச்சேரியில் இந்த மனிதனைப் புதைப்பது பாவம் என்று நினைத்துச் சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். அந்த நாற்காலியில் அந்த ருசி இல்லாத வேறொரு டெபுடி கலெக்டர் இருந்திருந்தால்? நல்ல மனசுக்காரராயிருந்தால் வேலை கொடுத்திருப்பார். நோட்டைத் திறந்திருக்க மாட்டார்.

1912 மார்ச்சு 1-ஆம் தேதி சென்னைத் துறைமுக டிரஸ்டில், மாதம் 30 ரூபாயில் ராமானுஜனுக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர். முன்பு திருச்சியில் கணித ஆசிரியராக இருந்தவர். கணித சங்கத்தின் பொக்கிஷதாரரும் அவரே. பகல் முழுவதும் துறைமுகத்தின் வரவு செலவு எண்களோடு மாரடித்துவிட்டு, இரவில் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோட்டு வீட்டு மாடியில், தம் கீழ் வேலை பார்க்கும் குமாஸ்தாவோடு ஆளுக்கொரு பெரிய ஸ்லேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்வாராம். பலப்பம் கீச்சிடும் சத்தத்தில் வீட்டில் மற்றவர்கள் எப்படித் தூங்கினார்களோ!

ராமானுஜன் பத்துப் படியை ஒரே தாவாகத் தாவுவார். ஐயரால் தொடர முடியாது. என் மட்டத்துக்கு இறங்கி வா, இடையிலுள்ள படிகளையும் எழுது என்று வற்புறுத்துவார். மேலதிகாரி தம் குமாஸ்தாவிடம், 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்வது நம் ஆபீஸ்களில் அடிக்கடி நடக்கிற காரியமல்ல. இதனால் ஐயருக்குச் சம்பளம் ஒரு காசு உயரவில்லை. பெரிய கணித மேதை என்ற பெயரும் வரப்போவதில்லை. பக்கத்தில் இருந்த ஆளைப் பார்க்கும்போது அது அவருக்கே நன்றாகத் தெரிந்திருக்கும். இருந்தும் தினம் ஸ்லேட்டை எடுத்தார். புரியாதிருந்த ஒரு வரி சட்டென்று புரியும் அந்த ஒரு கணத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன். வேறு காரணம் எனக்கு அகப்படவில்லை.

1914 மார்ச்சு 17-ஆம் தேதி ராமானுஜன் கப்பல் ஏறினார். அதற்கு முன் நாராயண ஐயர் ஓர் உதவி கேட்டாராம்: இருவரும் ஸ்லேட்டுகளை மாற்றிக்கொள்ள வேண்டும். எதற்காக என்று பிற்காலத்தில் அவர் மகன் கேட்டபோது, அந்த ஸ்லேட்டைப் பார்த்தாவது தமக்கு ஏதாவது தோன்றாதா என்றுதான் என்றாராம்.