அம்மா நின்ற பலகை

எங்கள் கோவை வீட்டுக்குக் கரண்ட் வந்தது 1951இல். அப்போது நான் கைக்குழந்தை. அப்பா சொல்லக் கேட்டதுதான்.

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் ஓடத் தொடங்கியது. அந்த மின்சாரம் வந்த பிறகுதான் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. ஆலைக்கு வந்த கம்பி எங்கள் வீட்டுக்குள் நுழைய இன்னும் பல வருஷம் ஆனது. வந்தபோது மொத்தம் ஐந்து பல்பு. ஃபேன் கிடையாது.

அந்தக் கால வயரிங்கை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. சுவரில் தேக்கு ரீப்பர் அடித்து, அதன்மேல் ரப்பர் உறை போட்ட வயரை ஓட்டி, வரிசையாகத் தகரக் கிளிப்பால் பிடித்திருப்பார்கள். திண்ணைச் சுவரில் மீட்டர், பக்கத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை. 'டக்'கென்று விழும் கறுப்பு வட்ட ஸ்விட்ச். ப்ளக்குக்கு இரண்டே ஓட்டை. எர்த் கம்பி வீட்டுக்குள் வரவேயில்லை. ஐந்து பல்புக்கு அது தாராளம்.

பிறகு ஒவ்வொன்றாக ஏற்றினோம். ரேடியோ, ஃபேன், இஸ்திரிப் பெட்டி. 1978இல் கிரைண்டர். வெட் கிரைண்டர் பிறந்த ஊரே எங்கள் ஊர்தான். தெருவில் எல்லார் வீட்டிலும் வந்த பிறகு அம்மாவுக்கும் ஒன்று வாங்கினோம். மாவு தள்ளும்போது கையில் 'சுருக்'கென்றது. எர்த் இல்லாத வீட்டில், மோட்டாரில் கசியும் கரண்டுக்கு அம்மாவின் உடம்புதான் வழி. அப்பா கண்டுபிடித்த வைத்தியம், ஒரு மரப்பலகை. "அதுமேல நின்னு ஆட்டு, ஒண்ணும் ஆகாது" என்றார். அம்மா எட்டு வருஷம் அதன்மேல் நின்றாள்.

1986 ஐப்பசி, அடைமழை. சமையலறை ஒழுகி, பலகை ஊறிக் கிடந்தது. அம்மாவைக் கரண்ட் தூக்கி எறிந்தது. மணிக்கட்டு முறிந்ததோடு தப்பித்தாள்.

மறுவாரம் வயர்மேன் வந்தார். ரீப்பரைப் பெயர்த்ததும் ரப்பர் உறை பொரி மாதிரி உதிர்ந்தது. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று அதில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்தது நான்தான்.

"ஏனுங்க, இதப் போட்டா ஃபியூஸ் எங்கீங்க போகும்? சுவத்துல ஓடுற வயர்தானுங்க எரியும்" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை.

வீடு முழுக்க பி.வி.சி. வயர், மூன்று ஓட்டை ப்ளக். கொல்லையில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த். கோடையில் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது அப்பாவின் வேலை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை நிறுத்தும் பிரேக்கரைப் பிற்பாடு நான் மாட்டினேன்.

செலவு ஆகுமே என்றுதான் அத்தனை வருஷம் தள்ளிப்போட்டோம். வயரிங் செலவு போக, அம்மாவின் மாவுக்கட்டுக்கும் சேர்த்துக் கொடுத்தோம். அந்தக் கை கடைசிவரை முழுசாக மடங்கவில்லை.

உங்கள் பூர்வீக வீட்டில் ரீப்பர் வயரிங் இன்னும் இருக்கிறதா? தண்ணீர்க் குழாயைத் தொட்டால், ஃபிரிட்ஜைத் தொட்டால் 'சுருக்' என்கிறதா? பலகை தேடாதீர்கள். வயர்மேனைக் கூப்பிடுங்கள்.