ஐந்தடி வழியும் சட்டம் தந்த சொற்பொருளும்

சட்ட நூலொன்றைக் கையில் எடுப்போர் பெரும்பாலும் தண்டனையைக் கூறும் பக்கத்தையே முதலில் புரட்டுவர். அபராதம் எவ்வளவு, சிறை எத்தனை மாதம் என்பதே அவர்தம் கவலை. ஆனால், அந்நூலின் தொடக்கத்தில், இச்சட்டத்தில் இச்சொல்லுக்கு இதுவே பொருள் என்று வரையறுக்கும் விளக்கப் பிரிவு ஒன்று உண்டு. பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. சாலை எது, நடைபாதை எது, வாகனம் எது என்பன முடிவான பின்னரே குற்றம் எது என்னும் கேள்வி பிறக்கிறது.

நகரப் போக்குவரத்துச் சட்டங்களில் இவ்வுண்மை மிகத் தெளிவாகப் புலப்படும். சிங்கப்பூரின் வரலாற்றில் இத்தகைய சொற்களின் பொருளுக்காகக் கடைகள் அடைக்கப்பட்டதும் உண்டு. கலகம் மூண்டதும் உண்டு. ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு ஓரிரவில் தடுமாறியதும் உண்டு. அவ்வரலாறு தொடங்கும் இடம் ஒரு தாழ்வாரம்.

தாழ்வாரமும் வழியும்

1822ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகர அமைப்புக் குழுவுக்கு விரிவான கட்டளைகளை வழங்கினார். தெருவை நோக்கிய ஒவ்வொரு கட்டடத்தின் முன்புறத்திலும் குறிப்பிட்ட ஆழமுள்ள தாழ்வாரம் அமைய வேண்டும். அது எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு தொடர்ந்து, தெருவின் இருபுறமும் கூரையிட்ட வழியாகப் பயன்பட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வெயிலும் மழையும் மாறிமாறி வருத்தும் ஊருக்கு அது பொருத்தமான ஏற்பாடே.

அவ்வழிக்கு மக்கள் இட்ட பெயர் அளவைக் கொண்டது. மலாய்க்காரர் ‘காக்கி லீமா’ என்றனர். தமிழர் ‘அஞ்சடி’ என்றனர். உண்மையில் அதன் அகலம் இடத்துக்கு இடம் வேறுபட்டது. ஆயினும் ஐந்தடி என்னும் பெயரே நிலைத்தது.

தமிழகத்து வீடுகளிலும் தெருவை நோக்கிய திண்ணை உண்டு. வழிப்போக்கர் அதில் அமர்ந்து இளைப்பாறுவர், மழைக்கு ஒதுங்குவர். எனினும் திண்ணை வீட்டுக்காரரின் உடைமை. அங்கே அந்நியருக்குக் கிடைப்பது விருந்தோம்பலேயன்றி உரிமையன்று. அஞ்சடியின் நிலை வேறு. நிலம் கடைக்காரருடையது; மேல்மாடி அவருடையது; தூணும் அவருடையது. ஆனால், அந்தத் தூணுக்கும் கடை வாசலுக்கும் இடைப்பட்ட வெளியில் நடக்கும் உரிமை ஊராருடையது. ஓரிடத்துக்கு இருவர் உரிமை கொண்டாடும் நிலை அன்றே விதைக்கப்பட்டது.

கடைக்காரர் தம் பங்கைத் தயங்காமல் எடுத்துக்கொண்டனர். அரிசி மூட்டையும் மரப்பெட்டியும் அஞ்சடியில் அடுக்கப்பட்டன. முடிதிருத்துவோரும் தையற்காரரும் உணவு விற்போரும் அங்கேயே தொழில் நடத்தினர். பிற்காலத்தில் சிராங்கூன் சாலையின் அஞ்சடிகளில் பூமாலை தொடுப்போரும் கிளிச் சோதிடரும் இடம் பெற்றதை அறிந்தோர் பலர். அதனால் நடப்போர் தெருவில் இறங்க வேண்டியதாயிற்று. அங்கோ மாட்டுவண்டிகளும் குதிரை வண்டிகளும், 1880 முதல் ரிக்‌ஷாக்களும் நெருக்கியடித்துச் சென்றன.

மூன்று நாள் கலகம்

1887ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் அஞ்சடியில் உள்ள தடைகளை அகற்றும் அதிகாரத்தை நகராட்சிக்கு அளித்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நகராட்சித் தலைவர் டாக்டர் ரோவெல் அவ்வதிகாரத்தைச் செயற்படுத்த முனைந்தார். ஆட்கள் வந்து தாழ்வாரங்களைக் காலி செய்யத் தொடங்கியதும் வணிகர்கள் கடைகளை அடைத்தனர். தெருவில் கூட்டம் திரண்டது, கல்வீச்சு நடந்தது. மூன்று நாட்கள் நகரின் இயல்பு வாழ்க்கை குலைந்தது. வரலாற்றில் அது ‘தாழ்வாரக் கலகம்’ என்று பெயர் பெற்றது. அப்போது ஆளுநராக இருந்தவர் செசில் கிளமெண்டி ஸ்மித்.

முடிவில் ஒரு சமரசம் ஏற்பட்டது. நடப்பதற்குப் போதிய இடம் விட்டால், எஞ்சிய பகுதியில் பொருள்களை வைத்துக்கொள்ளலாம் என்பதே அது. இதில் வென்றவர் யார் என்று கூறுவது எளிதன்று. கடைக்காரர் தம் சரக்கைக் காத்துக்கொண்டனர். ஆனால், அவ்விடம் முதலில் ஒரு வழி என்பதையும் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், மலேசியாவின் 1974ஆம் ஆண்டுத் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் இப்பொருளை ஒரே வரியில் முடித்துவிட்டது. நடைவழி என்னும் சொல்லுக்கு விளக்கம் கூறுகையில், தெருவோரத் தாழ்வார வழிகளும் அதனுள் அடங்கும் என்று அது வரையறுத்தது. மூன்று நாள் கலகம் செய்தும் தீராத வழக்கு, ஒரு சொல்லின் பொருளாகச் சட்டத்தில் அமர்ந்துகொண்டது.

சாலை என்பது யாது?

தாழ்வாரத்தைப் பற்றிய இதே கேள்வி மோட்டார் வண்டியின் காலத்தில் சாலையைப் பற்றி எழுந்தது. இங்கிலாந்தின் 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், பொதுப் பெருவழியோடு, பொதுமக்கள் சென்றுவரக்கூடிய வேறெந்தச் சாலையும் ‘சாலை’யே என்று கூறியது. அவ்விளக்கத்தின் சாயல் அப்படியே குடியேற்ற நாடுகளுக்கும் வந்தது. சிங்கப்பூரின் 1961ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறக்குறைய அதே சொற்களைக் கொண்டுள்ளது.

இவ்விளக்கத்தின் நுட்பம் கவனிக்கத்தக்கது. நிலம் யாருடையது என்று அது கேட்கவில்லை. மக்கள் அங்கே சென்றுவருகின்றனரா என்றே கேட்கிறது. 1932இல் ஸ்காட்லாந்து நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. ஓட்டுரிமை பறிக்கப்பட்ட ஒருவர் பண்ணைக்குச் செல்லும் தனியார் பாதையில் வண்டி ஓட்டினார். பாதையைப் பராமரித்தவர் பண்ணைக்காரர். ஆயினும் ஊர் மக்கள் தடையின்றி அதில் நடந்து வந்தனர். ஆதலால் அதுவும் சாலையே என்று தலைமை நீதிபதி கிளைடும் உடனிருந்த நீதிபதிகளும் தீர்ப்பளித்தனர். தடுப்பை மீறாமலும் எச்சரிக்கையைப் புறக்கணிக்காமலும் பொதுமக்கள் உண்மையில் புழங்கும் வழி, உடைமை யாருடையதாயினும், சாலையாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அதே விளக்கம் பாதிக்கப்பட்டவரைக் கைவிட்டதும் உண்டு. இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகரில், பல மாடி வண்டி நிறுத்துமிடம் ஒன்றில் நின்ற காருக்குள் தீப்பற்றி ஒருவர் காயமுற்றார். கட்டாயக் காப்புறுதி சாலையில் நேரும் விபத்துக்கே உரியது. எனவே, அவ்விடம் சாலையா அன்றா என்பதே வழக்காயிற்று. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்ல உதவுவது சாலை. வண்டியை நிறுத்தி வைக்க உதவுவது நிறுத்துமிடம். ஒன்று மற்றொன்றாகாது என்று 1998இல் பிரபுக்கள் சபை முடிவு செய்தது. காப்புறுதி நிறுவனத்தின் பொறுப்பு நீங்கியது. அத்தீர்ப்பின் உரையை வழங்கிய கிளைடு பிரபு, 1932இல் தீர்ப்பளித்த கிளைடின் பேரர் என்பது வியப்புக்குரிய செய்தி. 2000ஆம் ஆண்டில் விதி திருத்தப்பட்டு, ‘சாலை அல்லது பிற பொது இடம்’ என விரிந்தது. இரண்டு மூன்று சொற்களின் சேர்க்கை, பின்வந்தோருக்கு இழப்பீட்டின் கதவைத் திறந்தது.

இத்தகைய ஐயங்களுக்கு இடம் தராதிருக்கவே மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஒரு நீண்ட பட்டியலைத் தந்தது எனலாம். பாலம், சுரங்கவழி, சுற்றுவட்டம், சாலைப் பிரிப்பு, சுங்கச் சாவடி எனப் பலவற்றையும் பெயர் கூறிச் சாலையுள் அடக்கியது. நெடுஞ்சாலைகள் நாட்டின் முகத்தை மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. சாலை வளர வளர அதன் சொற்பொருளும் வளர்ந்தது.

காலும் சக்கரமும்

இருபத்தொன்றாம் நூற்றாண்டில் வழக்கு மீண்டும் நடப்போரின் பாதைக்கே திரும்பியது. மின்கலத்தால் ஓடும் சிறு ஸ்கூட்டர்கள் சிங்கப்பூரின் நடைபாதைகளில் பெருகின. அவை காருமல்ல, மிதிவண்டியுமல்ல. பழைய சட்டத்தின் எந்தச் சொல்லிலும் அவை ஒழுங்காகப் பொருந்தவில்லை. ஆகவே 2017இல் நாடாளுமன்றம் புதிய சட்டமொன்றை இயற்றியது. அது 2018 மே முதல் நடைமுறைக்கு வந்தது. எடை 20 கிலோ, அகலம் 70 சென்டிமீட்டர், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற எல்லைகளுக்குள் அடங்குவதே ‘தனிநபர் நடமாட்டச் சாதனம்’ என வரையறுக்கப்பட்டது. பாதைகளும் இரண்டாகப் பிரிந்தன: நடைபாதை ஒன்று, மிதிவண்டியும் செல்லும் பாதை மற்றொன்று.

விபத்துகள் தொடர்ந்தன. 2019 செப்டம்பரில் பெடோக் வட்டாரத்தில் மின்ஸ்கூட்டர் மோதியதில், மிதிவண்டியில் சென்ற முதிய பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். அவ்வாண்டு நவம்பர் 5 முதல் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர்கள் தடைசெய்யப்பட்டன. ஏறத்தாழ 5,500 கிலோமீட்டர் நடைபாதை அவற்றுக்கு மூடப்பட்டது. எஞ்சியது ஏறத்தாழ 440 கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதையே. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம் என அறிவிக்கப்பட்டது.

மின்ஸ்கூட்டரில் உணவு கொண்டு சேர்த்துக் குடும்பம் காத்தோர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்கள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேடிச் சென்று முறையிட்டனர். வேறு வண்டிக்கு மாறுவதற்காக அவர்களுக்கு 70 லட்சம் வெள்ளி உதவித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1888இல் கடைக்காரரின் மூட்டைக்கும் நடப்போரின் காலுக்கும் இருந்த அதே வழக்கு, 2019இல் சக்கரத்துக்கும் காலுக்கும் நேர்ந்தது. அன்றும் இன்றும் எதிர்த்தரப்பில் நின்றவர்கள் தீயவர்கள் அல்லர். வயிற்றுப்பாட்டுக்காக வழியை நாடியவர்கள். ஆயினும், நடப்பதற்கென்று அமைந்த வழியில் நடப்போரே முதல்வர் என்பதில் சட்டம் தடம் மாறவில்லை.

சாலை, நடைவழி, வாகனம் என்பன அகராதியில் எளிய சொற்களே. ஆனால் சட்டத்தில் அவை நிலவுடைமையாளருக்கும் ஊராருக்கும், பிழைப்புக்கும் பாதுகாப்புக்கும் இடையே இட்ட எல்லைக் கற்கள். எல்லைக் கல்லை நகர்த்தும்போது ஒரு பக்கத்தில் இடம் பெருகும்; மறுபக்கத்தில் ஒருவருக்கு இடம் குறையும். ஆகவே புதிய சட்டமொன்று வரும்போது தண்டனைப் பக்கத்துக்கு முன்பாக விளக்கப் பிரிவைப் படித்தறிவது குடிமக்களுக்கு நலம் பயக்கும். 1822இல் திறந்துவைக்கப்பட்ட அந்த அஞ்சடியில், வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி மக்கள் இன்றும் நடக்கின்றனர். அந்நடைக்குப் பின்னால் ஒரு சொல்லின் நெடிய போராட்டம் இருக்கிறது.