சிந்தி மக்கள்

சிந்தி மக்கள் சிந்து நதியின் கீழ்ப்பகுதியைத் தாயகமாகக் கொண்டவர்கள். இந்தோ-ஆரிய மொழியான சிந்தியைப் பேசுபவர்கள். மொகஞ்சதாரோ அமைந்துள்ள சிந்து மாகாணம் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. அங்குள்ள சிந்திகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இந்தியச் சிந்திகளில் பெரும்பாலோர் இந்துக்கள். 1843இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய சிந்து, 1936 வரை பம்பாய் மாகாணத்தோடு இணைந்திருந்தது.

இரு சமயத்தாரையும் பிணைப்பது நதிதான். இந்துக்கள் நதித் தெய்வமான ஜூலேலால் என்று வணங்கும் உதேரோலாலை முஸ்லிம்கள் ஷேக் தாஹிர் என்று போற்றுகின்றனர். உதேரோலால் என்ற ஊரில் கோயிலும் தர்காவும் ஒரே வளாகத்தில் உள்ளன. சேட்டி சந்த் எனும் சிந்திப் புத்தாண்டு ஜூலேலாலின் பிறந்தநாளும் ஆகும். அன்று விளக்கேற்றிய தட்டை ஊர்வலமாகக் கொண்டுபோய் நீரில் விடுவார்கள்.

சிந்தி இலக்கியத்தின் உச்சம் சூஃபி கவிஞர் ஷா அப்துல் லத்தீஃப் பிட்டாயின் (1689–1752) 'ஷா ஜோ ரிசாலோ'. மண்ணின் காதல் கதைகளை அவர் இறைத்தேடலாக மாற்றினார். அவற்றுள் ஒன்றில், காதலனைக் காண நதியில் இறங்கும் சோஹ்ணியின் கையில் இருப்பது சுடாத மண்பானை. அது கரைய, அவளும் மூழ்கிப்போகிறாள். லத்தீஃப் அடக்கமான பிட் ஷாவில் பக்கீர்கள் ஐந்து தந்தித் தம்பூரோவை மீட்டி, பெண்குரல் போன்ற உச்சக்குரலில் இப்பாடல்களை இன்றும் பாடுகின்றனர்.

அஜ்ரக் என்ற போர்வைத் துணி சிந்திகளின் அடையாளம். மர அச்சால் பசையும் சுண்ணாம்பும் ஒற்றி, அவுரி நீலத்திலும் மஞ்சிட்டிச் சிவப்பிலும் மாறிமாறித் தோய்த்து, பலமுறை அலசி உருவாக்குவார்கள். விருந்தினருக்கு இதைப் போர்த்துவது வழக்கம். உணவில் கீரையும் கடலைப்பருப்பும் சேர்ந்த சாய் பாஜி பெயர்பெற்றது. சிந்திக் கடி தயிரில் செய்வதல்ல. வறுத்த கடலைமாவும் புளியும் சேர்த்த குழம்பு என்பதால் நம் நாக்குக்கு அந்நியமாக இராது.

1947 நாட்டுப் பிரிவினையில் பஞ்சாபும் வங்காளமும் இரண்டாகப் பிரிந்தன. சிந்து முழுதாகப் பாகிஸ்தானுக்குப் போனது. இந்தியாவுக்கு வந்த பல லட்சம் இந்துக்களுக்குத் தமக்கென ஒரு மாநிலம் இல்லாமல் போனதன் காரணம் இதுதான். கல்யாண் அருகே ராணுவ முகாமில் தங்கவைக்கப்பட்டவர்கள் உல்லாஸ்நகரை வளர்த்தெடுத்தனர். கட்ச்சில் அவர்களுக்காகக் காந்திதாம் நகரம் எழுந்தது. இழப்புக்கு வணிகத்தில் ஈடு கண்டவர்களால் மொழியில் அப்படிக் காண முடியவில்லை. 1967இல் சிந்தி இந்திய அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்ற பிறகும், அரபு எழுத்தா தேவநாகரியா என்ற சர்ச்சை ஓயவில்லை. இளைய தலைமுறையினர் பலர் வீட்டிலேயே இந்திக்கு மாறிவிட்டனர்.