ரெயில்ரோடு டைகர்ஸ்

ரெயில்ரோடு டைகர்ஸ், 2016 டிசம்பர் 23 அன்று சீனாவில் வெளியான நகைச்சுவை அதிரடித் திரைப்படம். இயக்கியவர் டிங் ஷெங், நாயகன் ஜாக்கி சான். 1941இல் ஜப்பானியப் படையின் பிடியில் இருந்த ஷான்டொங் மாகாணத்தில், ரயில்வே கூலிகளும் அவர்களுடைய சகாக்களுமாகச் சிலர் ஒரு ரயில் பாலத்தைத் தகர்க்கக் கிளம்புவதுதான் கதை. படமாக மட்டும் எடைபோட்டால் இது நடுத்தரம். ஆனால் இதற்குப் பின்னால் அறுபது ஆண்டுகளாக நாவல், படக்கதை, சினிமா, தொலைக்காட்சித் தொடர் என்று சீனாவில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட ஒரு பழைய கதை நிற்கிறது. படத்தைவிட அந்தக் கதையின் வரலாறு சுவையானது.

கரியும் தண்டவாளமும்

கதையின் களம் தெற்கு ஷான்டொங்கிலுள்ள ஸாவோஜுவாங் என்ற நிலக்கரி ஊர். அங்கே வெட்டிய கரியைச் சுமந்து சென்ற கிளைப்பாதை, லின்செங் நிலையத்தில் தியென்ஜின்–புகோவ் பெரும்பாதையோடு சேர்ந்தது. வடக்கே தியென்ஜினையும், தெற்கே யாங்சி ஆற்றங்கரையில் நான்ஜிங்குக்கு எதிரே உள்ள புகோவையும் இணைத்த அந்தப் பெரும்பாதை 1912இல் முழுமை பெற்றது. சுரங்கத்தில் வேலை கிடைக்காத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் தண்டவாளங்களே வயிற்றுப்பாடு. ஓடுகிற கரிவண்டியில் தொற்றி ஏறி, கரியைக் காலால் கீழே தள்ளிவிட்டு, சற்றுத் தள்ளிக் குதித்துத் திரும்பி வந்து பொறுக்குவார்கள். இதற்குத் தனிக் கைப்பழக்கம் வேண்டும். வண்டி போகிற திசையிலேயே அதனோடு ஓடிக் கைப்பிடியைப் பற்ற வேண்டும். வேகம் உடம்பை இழுக்கும் அந்தக் கணத்திலேயே கால் படியில் விழ வேண்டும். நின்ற இடத்திலிருந்து கைநீட்டினால் தோள்மூட்டு தங்காது.

ரயிலில் கைவைப்பது அந்த வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. 1923 மே மாதத்தில் லின்செங்குக்கு அருகே ஒரு கொள்ளைக் கூட்டம் விரைவு வண்டியைத் தடம்புரளச் செய்தது. வெளிநாட்டவர் உட்பட நூற்றுக்கணக்கான பயணிகளைப் பாவோடுகு மலைக்கு ஓட்டிச் சென்றது. அன்றைய சீன அரசின் மானம் உலகச் செய்தித்தாள்களில் கப்பலேறிய விவகாரம் அது.

1938 மார்ச்சில் ஸாவோஜுவாங் ஜப்பானியர் வசமாயிற்று. கரியும் ரயிலும் அவர்கள் கைக்குப் போயின. வண்டி ஏறிப் பழகிய உள்ளூர் இளைஞர்களான ஹொங் ஜென்ஹாய், வாங் ஜிஷெங் ஆகியோரைச் சுற்றி ஒரு குழு உருவானது. 1940 தொடக்கத்தில் கம்யூனிஸ்டுகளின் எட்டாவது மார்க்கப் படையின் கீழ் அது முறையான அணியானது. கரிக்கடை ஒன்றுதான் அவர்களுக்கு மறைவிடம். கட்சி அனுப்பிய அரசியல் ஆணையர் டு ஜிவெய், அந்தக் கடைக்குக் கணக்குப்பிள்ளையாக வந்து சேர்ந்தார். ஓடும் வண்டியிலிருந்து இயந்திரத் துப்பாக்கிகளைத் தள்ளிவிட்டது, குளிருக்கு உடுப்பில்லாமல் இருந்த படையினருக்காகத் துணிப் பெட்டிகளைக் காலி செய்தது என்று அவர்களுடைய புகழ்பெற்ற வேலைகள் பலவும் பழைய கரித்திருட்டின் நீட்சிதான். எதிரியின் காவலுக்கு நடுவே தலைவர்களைத் தண்டவாளத்துக்கு அக்கரை சேர்ப்பதும் அவர்கள் பொறுப்பு. 1942இல் கட்சித் தலைவர்களில் ஒருவரான லியு ஷாவொசி அப்படித்தான் கட்சித் தலைமையகம் இருந்த யெனான் நோக்கிக் கடந்து போனார்.

ஹொங் ஜென்ஹாய் 1941 டிசம்பரில் மோதலில் இறந்தார். லியு ஜின்ஷான் தலைமைக்கு வந்தார். ஜப்பான் சரணடைந்து மூன்று மாதத்துக்கு மேலாகியும் அந்தப் பகுதியில் சிக்கிக் கிடந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியச் சிப்பாய்கள், 1945 டிசம்பர் 1 அன்று இந்தச் சிறு அணியிடமே ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். இந்த அணிக்கு மக்கள் வைத்த பெயர் ‘பறக்கும் புலிகள்’. அமெரிக்கர் ஷெனால்ட் தலைமையில் சீனாவுக்காகப் பறந்த விமானிகளையும் சீனர்கள் இதே பெயரால்தான் அழைத்தார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

நாவலாகி, படமாகி

எழுத்தாளர் லியு ஜிசியா, போர்க்கால ஷான்டொங்கில் பத்திரிகையாளராக இருந்தவர். 1943இல் நடந்த வீரர்கள் மாநாட்டில் இந்த அணியினரைச் சந்தித்து, பிறகு எதிரியின் பகுதிக்குள் சென்று அவர்களோடு தங்கியும் வந்தார். அவருடைய ‘ரயில்பாதைக் கெரில்லாக்கள்’ நாவல் 1954இல் வெளியானது. நாவலில் வரும் இளைஞர்கள் குடிக்கிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள், கிடைத்ததைச் செலவழிக்கிறார்கள். அரசியல் ஆணையர் வந்து அவர்களைப் பக்குவப்படுத்துகிறார். கட்சியின் கை படாத வீரம் முழு வீரமாகாது என்பதே அந்தக் காலத்து இலக்கிய இலக்கணம். அந்த இலக்கணத்துக்கு உட்பட்டு எழுதியும், கரிப்புழுதியையும் குசும்பையும் லியு முழுக்கத் துடைத்துவிடவில்லை. நாவல் நிலைத்ததற்கு அதுவே காரணம் என்று சொல்லலாம்.

1956இல் ஷாங்காய் ஸ்டுடியோ, ஜாவ் மிங் இயக்கத்தில் அதைப் படமாக்கியது. சாவோ ஹுய்சூ, ஃபெங் ஜெ, சின் யி ஆகியோர் நடித்தார்கள். வெயிஷான் ஏரிக்கரையில் அந்திப்பொழுதில் போராளிகள் பாடும் பாட்டுக்கு இசையமைத்த லூ சிமிங்குக்கு அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. படம் மறந்தவர்களுக்கும் அந்தப் பாட்டு நினைவிருக்கிறது. டிங் பின்ஸெங்கும் ஹான் ஹெபிங்கும் வரைந்த பத்துத் தொகுதிப் படக்கதை, கையடக்கப் புத்தகங்களாகப் பள்ளிப் பிள்ளைகளின் பைக்குள் புகுந்தது. இதே கதை கலாசாரப் புரட்சியில் அடிவாங்கவும் செய்தது. நாவல் தடைக்குள்ளானது, லியு துன்புறுத்தப்பட்டார். ஆணையராக நடித்த ஃபெங் ஜெ 1969இல் துன்புறுத்தலுக்கு நடுவே இறந்தார்.

எதிரியைப் பார்த்துச் சிரிப்பது

போர்ப்படத்தில் நகைச்சுவை சீனாவுக்குப் புதிதில்லை. கண்ணிவெடிப் போர் (1962), சுரங்கவழிப் போர் (1965) ஆகிய இரண்டும் கிராமத்துப் பாதுகாப்புப் பாடம் போல எடுக்கப்பட்டவை. ஆனாலும் ஜனங்கள் ரசித்தது ஏமாந்து விழும் அதிகாரிகளைத்தான். ‘சிறுவன் ஜாங் கா’ (1963) படத்தில் ஜப்பானியருக்கு ஊழியம் பார்க்கும் தடித்த மொழிபெயர்ப்பாளன், தர்பூசணிக் கடையில் காசு தராமல் தின்றுகொண்டே மிரட்டுகிறான். சற்று நேரத்தில் கெரில்லாக்களிடம் அகப்படுகிறான். சீனத் திரையில் மிக அதிகமாகப் போலி நடிப்புக்கு ஆளான காட்சிகளில் அதுவும் ஒன்றாக இருக்கும்.

சிரிப்புக்கு ஓர் எல்லையும் இருந்தது. ஜியாங் வென் இயக்கிய ‘டெவில்ஸ் ஆன் த டோர்ஸ்டெப்’ 2000ஆம் ஆண்டு கான் விழாவில் கிராண்ட் பிரி பெற்றது. ஜப்பானியக் கைதியைக் கொல்லத் துணியாத கிராமத்தாரின் கோழைத்தனத்தையும் ஈரத்தையும் ஒருசேரச் சிரித்துக் காட்டியதால் உள்நாட்டில் திரையிட அனுமதி கிடைக்கவில்லை. எதிரியைப் பார்த்துச் சிரிக்கலாம், தன்னைப் பார்த்துச் சிரிப்பதுதான் ஆகாது. பின்னாளில் தொலைக்காட்சி வேறு கோடிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு தொடரில் நாயகன் ஜப்பானியச் சிப்பாயை வெறுங்கையால் இரண்டாகக் கிழித்தான். ஹெங்டியன் படப்பிடிப்பு நகரில் துணைநடிகர்கள் ஜப்பானிய உடையில் நாள் முழுக்கச் செத்துச் செத்துப் பிழைத்தார்கள். ஊர் சிரித்த பிறகு, 2013இல் அரசின் ஒளிபரப்புத் துறை கடிவாளம் போட்டது.

2016 படம்

டிங் ஷெங் ஏற்கெனவே ஜாக்கி சானை வைத்து ‘லிட்டில் பிக் சோல்ஜர்’ (2010), ‘போலீஸ் ஸ்டோரி 2013’ ஆகியவற்றை எடுத்தவர். முதல் படத்தில் போரை வெறுத்துச் செத்தவன் போலக் கிடக்கும் சிப்பாயாக ஜாக்கி செய்த வேலை, அவருடைய பிற்கால நடிப்பிலேயே சிறந்தது. அந்த நம்பிக்கையில்தான் இந்தப் படம் பிறந்தது.

இன்றைய அருங்காட்சியகத்தில் நிற்கும் பழைய இன்ஜினுக்குள் ஒரு சிறுவன் பறக்கும் புலிச் சித்திரத்தைக் காண்பதில் தொடங்கிப் படம் 1941க்குப் போகிறது. பழைய புரட்சிக் கதையை இன்றைய பிள்ளையின் கண்வழியே நுழைக்கும் உத்தியை இரண்டாண்டுக்கு முன்பே இயக்குநர் சுய் ஹார்க், புலிமலைக் கதையைப் படமாக எடுத்தபோது கையாண்டிருந்தார். ஜாக்கியின் பாத்திரம் மா யுவான், ரயில்வே கூலிகளின் மேஸ்திரி. அவனும் கூட்டாளிகளும் ஜப்பானியச் சரக்கு வண்டிகளில் ஏறிச் சில்லறைக் களவு செய்து அக்கம்பக்கத்தாருக்கும் கொடுக்கிறார்கள். ஒருநாள் காயம்பட்ட எட்டாவது மார்க்கப் படை வீரன் ஒருவன் (வாங் டாலு) அவர்களிடம் வந்து சேர்கிறான். ஹான்ஜுவாங் பாலத்தைத் தகர்க்க வேண்டும் என்ற பணி அவனோடு முடிந்துபோகாமல் இவர்கள் தலையில் விழுகிறது. வெடிமருந்தை எங்கிருந்து எடுப்பது என்பதில் பாதிப் படம் போய்விடுகிறது.

பழைய நாவலிலிருந்து பெரிய விலகல் ஒன்று உண்டு. திருத்த வரும் ஆணையர் இங்கே இல்லை. யாரும் இவர்களுக்கு வகுப்பெடுப்பதில்லை. ‘பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும்’ என்ற மா யுவானின் ஆசை, கொள்கை என்பதைவிடக் கூலிக்காரனின் ரோஷம். அந்த வகையில் இவர்கள் 1956 படத்தின் நிமிர்ந்த வீரர்களைவிட, கரி பொறுக்கிய அசல் இளைஞர்களுக்கு அருகில் வருகிறார்கள். ஆனால் அந்த அசல் மனிதர்களுக்கு இருந்த பயம் இவர்களிடம் இல்லை. குண்டுகள் பறக்கும் இடத்தில் சிரிப்பு வருகிறது, சாவு வரும்போது படம் திடீரென்று கண்கலங்கச் சொல்கிறது. இரண்டும் ஒட்டவில்லை.

ரயில் காட்சிகளில் பழைய ஜாக்கியைக் காணலாம். தம் ஆசான் என்று அவர் சொல்லிவந்த பஸ்டர் கீட்டன், ‘த ஜெனரல்’ (1926) படத்தில் ஓடும் இன்ஜினையே தம் துணைநடிகர் ஆக்கிக்கொண்டவர். பெட்டிக்கூரை, இணைப்புச் சங்கிலி, கரித்தொட்டி ஆகியவற்றை வைத்து இங்கே நடக்கும் விளையாட்டு அந்த வழி வந்ததுதான். அறுபதைக் கடந்த ஜாக்கி பாய்ச்சலைக் குறைத்துக்கொண்டு இளையவர்களுக்கு இடம் விடுகிறார். ஹுவாங் ஸிதாவ், குறிபார்த்துச் சுடும் நூடுல்ஸ் கடைக்காரராக வாங் காய், ஜாக்கியின் மகன் ஜேசி சான் என்று பட்டாளம் பெரிது. பெயர் நினைவில் தங்குமுன் அடுத்தவர் வந்துவிடுகிறார். போதைப்பொருள் வழக்கில் 2015 ஜனவரியில் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்ற ஜேசிக்கு இது மறுவரவு. 2009இலிருந்து சீனக் காவல்துறையின் போதை ஒழிப்புத் தூதராக இருந்த தந்தை, பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டிருந்தார். மகனைத் தம் படத்தில் சேர்த்ததைப் பத்திரிகைகள் படத்தைவிட அதிகமாகப் பேசின.

ஜப்பானிய அதிகாரி யாமகுச்சியாக வருபவர் ஹிரோயுகி இகேஉச்சி. ‘இப் மேன்’ (2008) படத்தில் கராத்தே தளபதி மியுராவாக மிடுக்கோடு நின்ற அதே நடிகர், இங்கே அந்தப் பாத்திரத்தையே கேலி செய்கிற மாதிரி நடிக்கிறார். சீன நடிகை ஜாங் லான்சின் ஜப்பானிய ராணுவப் பெண் யூகோவாக வருகிறார். ரொட்டி விற்கும் சின் அக்காவாக ஷு ஃபான் வரும் சில நிமிடங்கள்தான் படத்தில் அலட்டல் இல்லாத இடம்.

வரவேற்பு

2016 நவம்பரில் ஜாக்கி கௌரவ ஆஸ்கார் பெற்றார். அடுத்த மாதமே படம் திரைக்கு வந்தது. ஜாங் யிமோவின் ‘த கிரேட் வால்’ ஒரு வாரம் முன்பே அரங்குகளைப் பிடித்திருந்தும் சீனாவில் வசூலுக்குக் குறைவில்லை, 10 கோடி டாலரை ஒட்டி ஈட்டியது. 2017 ஜனவரியில் அமெரிக்காவில் சில அரங்குகளில் வெளியானது. 124 நிமிட நீளமும் பாத்திரக் கூட்டமும் விமர்சகர்களைச் சலிக்க வைத்தன. 2008இல் தசாவதாரம் இசை வெளியீட்டுக்காகச் சென்னைக்கு வந்த ஜாக்கியைத் தமிழ் டப்பிங் வழியாகவே அறிந்த நம்மவர்களுக்கும், போர்ப் பின்னணி தெரியாமல் பார்த்தால் இது இன்னொரு ரயில் சண்டைப் படமாகவே தோன்றும். ஒரு மாதம் கழித்து, 2017 சீனப் புத்தாண்டுக்கு வந்த அவருடைய ‘குங்ஃபூ யோகா’ இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வசூலித்தது. டிங் ஷெங் அடுத்து ஜான் வூவின் ‘எ பெட்டர் டுமாரோ’வை மறுஆக்கம் செய்யப் போனார். அது 2018இல் வெளியானது.