அற்புதம் என்ற சொல்லும் மீரியாபெத்தையும்

'அற்புதம்' வடமொழியிலிருந்து வந்த சொல். வியப்புணர்வைத் தொல்காப்பியம் 'மருட்கை' என்கிறது. அது பிறக்கும் நான்கு காரணங்களில் முதலாவது புதுமை. மடு மாதாவின் அற்புதங்களைக் கத்தோலிக்க மக்கள் இன்றும் 'புதுமை' என்றே சொல்வார்கள்.

பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் நாங்கள் இச்சொல்லைக் கோயிலோடு நிறுத்துவதில்லை. விபத்தில் ஒருவர் பிழைத்தாலும் "அற்புதமா தப்பிச்சாரு" என்போம்.

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லாந்தையிலுள்ள மீரியாபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பிப் போக வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவர்கள் தப்பியதை அற்புதம் என்றோம். ஆனால் அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள்.

ஷெல்லடியில் தப்பிய வன்னி உறவுகளும் இதே சொல்லைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். தப்பியவர் சொல்லும்போது அது நன்றி. அவர்களைக் காக்க வேண்டியவர்கள் சொன்னால் அது பொறுப்பைக் கைகழுவும் பேச்சு. பிழைத்தது அற்புதமாக இருக்கலாம்; மற்றவர்கள் இறந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைக் கேட்பதை நாம் விட்டுவிடக் கூடாது.