கலைந்தாலும் கூடும் வன்தட்டுகள்



பள்ளியின் நிழற்படங்களையும் தேர்வுத் தாள்களையும் காக்கும் லினக்ஸ் கணினி ஒன்றில், வன்தட்டுகள் பல 'ரெய்டு' என்னும் ஓரணியாக இயங்கக்கூடும். கணினியை மாற்றும் நாளில் அவ்வணியை நிறுத்தி, மீண்டும் கூட்ட வேண்டும். இன்று அதனை அச்சமின்றிச் செய்ய இயல்வதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

1988ஆம் ஆண்டு, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். விலையுயர்ந்த பெரிய தட்டு ஒன்றுக்கு மாற்றாக, மலிவான சிறு தட்டுகள் பலவற்றை இணைக்கலாம் என்பதே அவர்தம் கருத்து. ஆனால், ஒரு தட்டு சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்குமெனில், 100 தட்டுகளுள் ஏதேனும் ஒன்று சராசரியாக 300 மணி நேரத்திலேயே பழுதாகும். இரண்டு வாரம்கூடத் தாங்காது! எனவே, மிகைத் தகவலையும் சேர்த்து எழுதும் முறைகளை வகுத்தனர். 5, 7 ஆகியவற்றோடு 12 என்னும் கூட்டுத்தொகையையும் குறித்துவைத்தால், 7 அழிந்தாலும் கழித்துக் கண்டறியலாம் அல்லவா? ஏறத்தாழ அத்தகைய கணக்கே இது.

பின்னர், லினக்ஸ் மென்பொருள் வழியாகவே இவ்வணியை அமைக்கும் வசதியைப் பெற்றது. தொடக்கக் காலக் கருவிகள், தட்டுகளின் பட்டியலைத் தனிக் கோப்பொன்றில் வைத்து நம்பியிருந்தன. தட்டுகளின் பெயர் மாறினால் குழப்பம் நேரும். 2001இல் நீல் பிரவுன் உருவாக்கிய கருவி, பின்னர் 'எம்டிஏடிஎம்' எனப் பெயர் பெற்றது. அது தட்டுகளிலேயே பதிந்துள்ள குறிப்பைப் படித்து அணியைக் கூட்டுகிறது. அணியின் அடையாள எண், தட்டின் வரிசை, நிகழ்வு எண்ணிக்கை ஆகியன அக்குறிப்பில் உள்ளன. எண்ணிக்கையில் பின்தங்கிய தட்டு பழையது என்றும் அறியலாம்.

ஆகவே, செய்முறை எளிது. முதலில் அணியின் விவரங்களைத் தாளில் குறித்துக்கொள்க. கோப்புகளைப் பயன்படுத்தும் நிரல்களை மூடி, கோப்பமைப்பை விடுவித்த பின்னரே 'ஸ்டாப்' கட்டளை இடுக. அணி பயன்பாட்டில் உள்ளதெனக் கணினி மறுத்தால், காரணத்தைத் தேடுக, தட்டைப் பிடுங்காதீர். மீண்டும் கூட்ட, 'அசெம்பிள்' கட்டளையே உரியது. அணியின் நிலையைச் சரிபார்த்து, முதலில் படிப்பதற்கு மட்டும் திறந்து பார்த்தல் நன்று.

'அசெம்பிள்' பணியாத பதற்றத்தில் 'கிரியேட்' கட்டளையை இடுவதுதான் பெருந்தவறு. அது பழைய குறிப்பின்மேல் புதிய குறிப்பை எழுதிவிடும். வரிசை பிழைத்தால், பல்லாண்டுச் சேமிப்பே அழியக்கூடும்.

இன்னொன்றும் நினைவிற்கொள்க: ரெய்டு தட்டின் பழுதைத் தாங்குமேயன்றி, நம் கைப்பிழையைத் தாங்காது. தனிப் படி ஒன்று வேறிடத்தில் இருக்கட்டும்.